எலும்பு டாக்டர் பதில்கள்: பாட்டியை எழுப்பி உட்கார வைக்கத்தான் அந்த ராடு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வீட்டில் பெரியவர் விழுந்துவிட்டார், இடுப்பில் எலும்பு முறிந்துவிட்டது, உள்ளே ராடு வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர், என்ன செய்வது? முழங்கால் வலி, கழுத்து வலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி அனுப்பிய மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 78 வயது. சனிக்கிழமை இரவு பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ராடு வைத்து ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். பெரியப்பாவோ, "இந்த வயதில் கத்தி வைக்காதே, கட்டுப் போட்டால் மூன்று மாதத்தில் கூடிவிடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
*வாசகி, காரைக்குடி*

கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் அன்றே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். பத்திரிகை வருகிறவரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. எக்ஸ்-ரேயையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தால் ஒரு முட்டு தட்டுப்படும். அம்மாவுக்கு முறிந்திருப்பது அந்த இடம். அங்கே எலும்பு தேனடை மாதிரி பொறைபொறையாக இருக்கும், ரத்த ஓட்டமும் தாராளம். சும்மா படுக்க வைத்தாலும் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கூடிவிடும். என்ன, கோணலாகக் கூடும், கால் இரண்டு விரற்கடை குட்டையாகும். அந்தப் பன்னிரண்டு வாரத்தை அம்மா படுக்கையில் தாங்குவாரா என்பதுதான் கேள்வி.

என் அப்பத்தா தாங்கவில்லை. 1973, சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமம். குடத்தோடு வாசல்படி ஏறும்போது விழுந்தார். கட்டு வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நல்ல மனிதர், காசுகூட வாங்கவில்லை. கையில் முறிந்திருந்தால் அந்தக் கட்டு ஓரளவு பிடித்திருக்கும். இடுப்பில், அத்தனை சதைக்கு அடியில் இருக்கிற எலும்பை வெளியே சுற்றுகிற எந்தக் கட்டும் பிடிக்காது. மாவுக்கட்டும் அப்படித்தான், புத்தூர் கட்டும் அப்படித்தான்.

முதல் வாரம் அப்பத்தா எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். புரண்டு படுத்தால் உயிர் போகிற வலி, அதனால் புரளவே இல்லை. பின்னிடுப்பில் எட்டணா அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது. மூன்றாம் வாரம் அது உள்ளங்கை அளவு புண். கீழே வேப்பிலை பரப்பி, பத்து வயதுப் பையனான நான் பனை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றுக்குப் போக நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கிறதே என்று கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். ஐந்தாம் வாரம் சளி கட்டி மூச்சு வாங்கியது. 41ஆம் நாள் போய்விட்டார். எலும்பு அதுபாட்டுக்குக் கூடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் எலும்பு அறுவை சிகிச்சை செய்தேன். ஒவ்வொரு இடுப்பு முறிவுக்கும் கை கழுவும்போது அந்த வேப்பிலை வாசம் நினைவுக்கு வரும். ராடு எலும்பை ஒட்டவைப்பதில்லை, ஒட்டுவதை உடம்பே பார்த்துக்கொள்ளும். துண்டுகள் நகராமல் ராடு பிடித்துக்கொள்வதால் மறுநாளே உங்கள் அம்மா கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்காரலாம். நுரையீரல் விரியும், முதுகில் புண் வராது, காலில் ரத்தம் உறைவதும் குறையும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்பு முறிந்த பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். ஆபரேஷன் செய்தும்தான். இதய பலவீனம், ரத்தசோகை, நோய்த்தொற்று என்று காரணங்கள் பல. அப்படியிருந்தும் படுக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். சர்க்கரை, பிரஷர் இரண்டும் இந்த வயதில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு, மயக்க மருந்து டாக்டருக்கு அது தினசரி வேலை. விழுவதற்கு முன்பே நினைவு தப்பிக் கடைசி நாட்களில் இருக்கிறவர் என்றால் மட்டும் வேண்டாம் என்று யோசிக்கலாம். உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை வரை சமையல் செய்தவர். பெரியப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

எங்கள் தெருவில் இரண்டு பேர் ஒரே மாதத்தில் விழுந்தார்கள். இருவருக்கும் இடுப்பு முறிவுதான். ஒருவருக்குப் பந்தையே மாற்றினார்கள், சீக்கிரம் நடந்துவிட்டார். என் அப்பாவுக்கு ராடு வைத்திருக்கிறார்கள், இன்னும் வாக்கரோடுதான் நடக்கிறார். மட்டமான வைத்தியம் பார்த்துவிட்டார்களோ?
*வாசகர், திருவாரூர்*

நீங்கள் டெல்டாக்காரர், சொன்னால் சட்டென்று புரியும். தொடை எலும்பின் தலையில் இருக்கிற பந்துதான் கடைமடை, வாய்க்காலின் கடைசி வயல். அதற்கு ரத்தம் கீழேயிருந்து வருகிறது. எலும்புக் கழுத்தின் அடியில் புறப்பட்டு, கழுத்தை ஒட்டியே மேலேறிப் பந்துக்குப் போகிற மெல்லிய குழாய்கள்தான் அதன் வாய்க்கால்கள்.

உங்கள் தெருக்காரருக்கு முறிந்தது கழுத்து. கழுத்து முறிந்து விலகினால் வாய்க்கால் அறுந்துபோகும். பந்து காய ஆரம்பிக்கும், சில சமயம் ஒரு வருடம் கழித்துக்கூடச் செத்துச் சரியும். வயதானவருக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்றுதான் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைக்கிறோம். கூட வேண்டிய எலும்பு எதுவும் இல்லாததால் அவர் முதல் நாளிலிருந்தே தைரியமாக நடக்கிறார்.

உங்கள் அப்பாவுக்கு முறிந்தது வாய்க்கால் பிரிகிற இடத்துக்குக் கீழே. பந்து உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கிற பந்தை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? அதனால்தான் ராடு. எலும்பு கூடுகிற வரை கொஞ்சம் வலி இருக்கும், மூன்று மாதம் பொறுங்கள். மட்டமான வைத்தியம் இல்லை, சரியான வைத்தியம்.

இதே முறிவுக்கு வெளியே பிளேட் வைத்து, பந்துக்குள் ஒரு பெரிய ஸ்க்ரூ போடுகிற முறையும் உண்டு. டி.எச்.எஸ். என்பார்கள். முறிவு சுத்தமாக இரண்டே துண்டாக இருந்தால் அது போதும், விலையும் குறைவு. "பக்கத்து வீட்டுக்கு ராடு வைத்தார்களே" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். முறிவு பல துண்டாகச் சிதறியிருந்தாலோ, கோடு கீழே தொடைப் பக்கம் இறங்கியிருந்தாலோதான் ராடு அவசியம். குடத்தை இடுப்போடு ஒட்டிவைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? ராடு எலும்பின் உள்ளேயே, உடம்பின் பாரம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிளேட் வெளியே தள்ளி இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு நாளை ராடு ஆபரேஷன் என்று தம்பி சொன்னான். அது எப்படி உள்ளே போகும், எவ்வளவு பெரியது, அம்மா விழித்திருப்பாரா என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை.
*வாசகர், சிங்கப்பூர்*

இந்தப் பதில் உங்களுக்குத் தாமதமாகத்தான் வரும். ஆனாலும் அதே இரவில் இன்னொரு பிள்ளை விழித்திருக்கக்கூடும்.

பெரும்பாலும் ஸ்பைனல் ஊசிதான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். அதற்கு முன்பே, வார்டில் இருக்கும்போதே கவட்டைப் பக்கம் நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டால் புரட்டுவதற்கும் உட்கார வைப்பதற்கும் வலி இருக்காது. உங்கள் ஆஸ்பத்திரியில் அது உண்டா என்று கேளுங்கள்.

அம்மாவை ஒரு தனி மேசையில் படுக்க வைப்போம். பாதத்தை ஒரு பூட்ஸ் மாதிரியான பிடியில் மாட்டி, மெதுவாக இழுத்து, உள்பக்கமாகத் திருப்புவோம். மேலே சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே கருவி இருக்கும், திரையில் எலும்பு தெரியும். விலகின துண்டுகள் ஒன்றையொன்று தேடி வந்து சேர்வதைப் பார்க்கலாம். கத்தியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிடும். எலும்பு சேராமல் ராடை மட்டும் வைத்தால் கோணலைக் கோணலாகவே பூட்டியது போலத்தான் ஆகும். என் மாணவர்களிடம் இதற்கு மட்டும் நேரம் பார்க்காதீர்கள் என்று சொல்லுவேன்.

அப்புறம் இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படுகிற அந்த முட்டுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் அளவு வெட்டு. முட்டின் நுனியில் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, அது எலும்பின் நடுக்குழிக்குள் போவதைத் திரையில் பார்த்து, அதன் மேலேயே துளையைப் பெரிதாக்குவோம். ராடு சுண்டுவிரல் பருமன், 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். குட்டை ராடு ஏறக்குறைய ஒரு சாண் நீளம், முறிவு கீழே இறங்கியிருந்தால் முழங்கால் வரை போகிற நீள ராடு. டைட்டானியம் கலவை அல்லது ஸ்டீல். சுத்தியலால் அடிக்கக் கூடாது. கையால் பிடித்து, லேசாகத் திருகித் திருகித் தள்ள வேண்டும். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வயதான எலும்பு விரிசல் விட்டுவிடும். ராடு உட்கார்ந்த பிறகு, அதன் துளை வழியாகக் கழுத்துக்குள் ஏற்றிப் பந்துவரை ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ. கீழே ராடு சுழலாமல் இருக்க ஒரு பூட்டு ஸ்க்ரூ. மொத்தம் மூன்று சின்னத் தையல்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

விழித்திருப்பாரா என்றால், பலர் லேசான தூக்கத்தில் இருப்பார்கள். சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள். மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், நான் ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருக்கும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டினார்களா, கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். நர்ஸ் வெளியே போய் அவர் மகனிடம் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

இந்த முறைக்கு வித்திட்டவர் ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். 1939இல் தொடை எலும்பின் உட்குழிக்குள் ஸ்டீல் ஆணியை இறக்கினார். அடுத்த வருடம் பெர்லின் மாநாட்டில் சொன்னபோது பெரிய டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். போர் முடிந்து, ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த எதிர்நாட்டு வீரர்கள் தொடைக்குள் ஆணியோடு ஊர் திரும்பி நடந்தபோது மற்ற நாட்டு டாக்டர்கள் எக்ஸ்-ரேயைப் பார்த்து வியந்தார்கள். இடுப்பு முறிவுக்கென்றே, பந்துக்குள் ஸ்க்ரூ ஏறுகிற மாதிரி செய்த ராடுகள் 1980களின் கடைசியில் வந்தன. என் அப்பத்தாவுக்கு அது பதினைந்து வருடம் பிந்திப் போயிற்று. முதலில் வந்தவை ஐரோப்பியர்களின் எலும்பு அளவுக்குச் செய்தவை. இரண்டு ஸ்க்ரூ ராடு என்றால், நம் பாட்டிமாரின் குறுகலான எலும்புக் கழுத்தில் இரண்டும் சேர்ந்து ஏறுவது பல சமயம் சிரமம். இப்போது நம் அளவுக்கும் கிடைக்கிறது.

அப்பாவுக்கு 84 வயது. திங்கட்கிழமை விழுந்தார். மூன்று வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்ததால் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆக வேண்டும், எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் அஷ்டமி, நவமி வேண்டாம் என்கிறார்கள். அடுத்த வாரம் செய்துகொள்ளலாமா?
*வாசகர், திருப்பூர்*

வேண்டாம். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், போனால் போகிறதென்று 48 மணி நேரத்துக்குள். நான் சொல்லிக்கொடுத்த கணக்கு அதுதான், பல நாட்டு வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன.

ரத்தம் இளக்குகிற மாத்திரைக்காக ஐந்து நாள் படுக்கப்போட்டால், அந்த ஐந்து நாளில் வருகிற சளியும் படுக்கைப்புண்ணும் கூடுதல் ரத்தக் கசிவைவிட மோசம். ஸ்பைனலுக்குப் பதில் முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம், ரத்தம் தயாராக வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரினுக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. வேறு சில புது மாத்திரைகளுக்கு ஒன்று, இரண்டு நாள் இடைவெளி தேவைப்படும். அதை மயக்க டாக்டரும் இதய டாக்டரும் போனில் பேசி அன்றே முடிவு செய்யச் சொல்லுங்கள். எக்கோவும் அப்படித்தான், இதயத்தில் புதிதாகச் சத்தம் கேட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே எடுக்கட்டும். வெறுமனே வரிசைக்காக வியாழக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

உண்மையிலேயே காத்திருக்க வேண்டியவை சில உண்டு. அன்றைக்கு வந்த மாரடைப்பு, நுரையீரலில் நீர் கோத்திருப்பது, சோடியம் ரொம்ப இறங்கியிருப்பது, ஹீமோகுளோபின் தரையைத் தொட்டிருப்பது. இவற்றைச் சரிசெய்யலாம் என்பதால்தான் காத்திருப்பு. முறிந்த எலும்பிலிருந்து தொடைக்குள்ளேயே நிறைய ரத்தம் கசிந்துவிடும், வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. அதனால் இரண்டாம் நாள் மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள்.

நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களை நான் குறை சொன்னதில்லை. ராகுகாலம் ஒன்றரை மணி நேரம்தான், அதைத் தாண்டி ஆரம்பித்திருக்கிறேன். அஷ்டமி, நவமி என்று இரண்டு முழு நாளை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்று. காலையிலிருந்து பட்டினி போட்டு, மாலையில் "இன்று லிஸ்ட் முடிந்துவிட்டது, நாளைக்கு" என்பார்கள். மறுநாளும் அதே. 84 வயது உடம்பு அதிலேயே துவண்டுவிடும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் பொதுவாகப் போதும். எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் இரவிலிருந்து மாமனாருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. டிரிப்ஸைப் பிடுங்குகிறார், என்னைப் பார்த்து "யார் நீ, என் வயலில் என்ன வேலை" என்கிறார். கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மயக்க மருந்தால் மூளை போய்விட்டதா?
*வாசகி, நாகர்கோவில்*

போகவில்லை அம்மா. பயப்படாதீர்கள். இடுப்பு முறிந்த பெரியவர்களில் நிறையப் பேருக்கு இது வரும், பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். வீட்டை விட்டு, வெளிச்சம் அணையாத வார்டில், கண்ணாடி இல்லாமல், காதுக்கருவி இல்லாமல், வலியோடு கிடக்கிற ஒருவருக்குப் பகலும் இரவும் குழம்பிப்போகிறது.

காரணம் தேடச் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கழித்து எத்தனை நாள், சோடியம் என்ன, ஆக்ஸிஜன் என்ன, காய்ச்சல் உண்டா, வலி மருந்து அதிகமா குறைவா. ஒரு முறை மூன்று நாள் தூக்க ஊசி போட்டும் அடங்காத பெரியவர் ஒருவருக்கு, டியூபை எடுத்த பிறகு சிறுநீர் அடைத்திருந்ததுதான் காரணம். ஒரு லிட்டருக்குப் பக்கத்தில் வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கையைக் கட்டுவதை நிறுத்தச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள், கட்டினால் மிரட்சி கூடும். அதற்குப் பதில் வீட்டு ஆள் ஒருவர் இரவும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், பல்செட்டை வையுங்கள், பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். வயலைப் பற்றிப் பேசுகிறாரா, வயலைப் பற்றியே பேசுங்கள். "இது வயல் இல்லை" என்று வாதாடாதீர்கள்.

ராடை எப்போது எடுக்க வேண்டும்? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
*வாசகர், வேலூர்*

எடுக்கவே வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். தொந்தரவு கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம். டைட்டானியம் ராடு என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். அதில் ஒட்டியிருக்கிற ராடு ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். நடந்துகொண்டிருந்த அம்மா திடீரென்று காலை ஊன்ற முடியாமல் அழுகிறார். ஸ்க்ரூ பந்தைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்கிறார்கள். அம்மா சொன்னபடி கேட்காமல் நடந்ததால்தான் என்று வீட்டில் எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள்.
*வாசகர், சேலம்*

முதலில் அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். நடந்தது அவர் தவறு இல்லை. நடப்பதற்காகத்தான் ராடு வைத்தது.

ஸ்க்ரூ வெளியே வருவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. எலும்பு ரொம்பவும் நைந்துபோயிருப்பது ஒன்று. ஸ்க்ரூவின் நுனி பந்தின் நடுவில், மேல்பரப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் போனது இன்னொன்று. முன்னாலிருந்து எடுத்த படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1995இல் வெளியான ஆய்விலிருந்து எங்களுக்கெல்லாம் இதுதான் அளவுகோல்.

என் கையாலேயே இது நடந்திருக்கிறது. 2004 என்று நினைவு. முன்படத்தில் அழகாக இருந்த ஸ்க்ரூ, பக்கவாட்டுப் படத்தில் முன்பக்கம் ஒதுங்கியிருந்தது. நேரமாகிவிட்டது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஏழாம் வாரம் அந்தப் பாட்டி நாற்காலியில் வந்து இறங்கினார். "நான் ஏதாவது தப்பாக நடந்துட்டேனா சார்?" என்று கேட்டார். இல்லை அம்மா, நான்தான் தப்பாகப் போட்டேன் என்று சொன்னேன். மறுபடி திறந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பந்தை மாற்றினோம். நடந்தார். அதற்குப் பிறகு பக்கவாட்டுப் படம் திருப்தியாக இல்லாமல் ஒரு தையல்கூட நான் போட்டதில்லை.

உங்கள் அம்மாவுக்கும் வழி அநேகமாக அதுதான். தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ராடை எடுத்துவிட்டுப் பந்து மாற்று சிகிச்சை. தள்ளிப்போட்டால் ஸ்க்ரூ இடுப்புக் கிண்ணத்தையும் அரித்துவிடும்.

மாமியாரை நாளை வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். ராடு வைத்து ஐந்து நாள். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். "ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது" என்று ஒருவர் சொல்கிறார், "நடக்க விடுங்கள்" என்று இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
*வாசகி, தேனி*

ராடு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்தவர் சொன்னால், வலி தாங்குகிற அளவுக்கு ஊன்றலாம், வாக்கரோடு. இளைஞர்களுக்கு ஒற்றைக் காலில் தத்தி நடக்கத் தெரியும். 76 வயதில் "ஊன்றாதே" என்றால் "படுத்திரு" என்றுதான் அர்த்தம். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அவருடைய முறிவில் தனிக் காரணம் ஏதாவது இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டிலை உயரமாக்குங்கள், நாலு காலுக்கும் கீழே ஒவ்வொரு மரக்கட்டை. பாத்ரூமுக்குக் கமோடு ஸ்டூல், சுவரில் கைப்பிடி. மிதியடிகளை எல்லாம் சுருட்டி எடுத்துவிடுங்கள், இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எழுப்பி நிற்க வைக்க வேண்டும், சாப்பாடு உட்கார்ந்துதான். நீங்கள் ஒருவரே தூக்காதீர்கள், உங்கள் முதுகும் போய்விடும். அக்குளில் கை கொடுத்து இழுக்கவும் வேண்டாம். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டால் அவரே எழுவார். 2021 முதல் நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பத்தியம் என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்கு மேல். முட்டை, பருப்பு, மீன், தயிர், எது ஒத்துவருமோ அது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, களியோ கூழோ கொடுங்கள். ஒரு கால் வீங்கி, கெண்டைச்சதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

நம் ஊரில் எல்லாரும் மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. முறிந்த இடுப்பைச் சரிசெய்துவிட்டு, எலும்பை நைந்துபோக வைத்த நோயை அப்படியே விட்டுவிடுகிறோம். கொஞ்ச நாளில் அடுத்த பக்கமும் முறிகிறது. என் வார்டிலேயே இரண்டு இடுப்பிலும் ராடு வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். சோலெட்ரோனிக் ஆசிட் என்ற ஊசி வருடத்துக்கு ஒரு முறை. 2007இல் வந்த பெரிய ஆய்வில், இடுப்பு முறிவு ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களுக்குப் புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. போடுவதற்கு முன் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, "எலும்பு தேய்மானத்துக்கு என்ன மருந்து?" என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிவையுங்கள். இது முடிந்துவிட்டது, அடுத்த தேவைக்கு உதவும்.

எனக்கு 81 வயது. ராடு வைத்து நாலு மாதம் ஆகிறது. இதை நானே எழுதுகிறேன். பிள்ளைகள் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடக்கிறேன். வாசலில் கோலம் போட வேண்டும் என்று ஆசை. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்கிறார்கள். நிஜமாகவே கூடாதா?
*வாசகி, திருநெல்வேலி*

அம்மா, உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்த இதழுக்கு இந்த விஷயத்தை எடுத்தேன். கடைசி வரி வரை ஒரு நடுக்கம் இல்லை.

பந்து மாற்றியவர்களுக்குச் சொல்கிற "குனியாதே, சம்மணம் போடாதே" என்ற கட்டுப்பாடு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பந்து உங்களுடையதேதான், நழுவாது. எக்ஸ்-ரேயில் எலும்பு கூடியிருக்கிறது என்று தெரிந்தால் தரையில் உட்காரத் தடை இல்லை. ஆனால் எழுந்திருக்கும்போது விழுந்துவிடக் கூடாது. அதனால் முதலில் ஒன்பது அங்குல முக்காலியில் உட்கார்ந்து போட்டுப் பழகுங்கள். வாசலில் தண்ணீர் தெளித்ததும் இறங்காதீர்கள், ஈரம் கொஞ்சம் இழுக்கட்டும். பக்கத்தில் பிடித்து எழ ஒரு கனமான நாற்காலி இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். பேத்தி தூங்கி எழுகிற நேரமாகப் பார்த்துப் போடுங்கள், அவள் படியில் உட்கார்ந்திருக்கட்டும். முதல் வாரம் நாலு புள்ளி போதும்.

நாலாம் மாத எக்ஸ்-ரே எடுத்திருந்தால், படத்தைப் பையனிடம் கொடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு நானே உங்களுக்குப் போன் செய்கிறேன், பிள்ளைகளுக்கு இல்லை.